எதிரியிடம் கற்ற மன்னர்



வரலாற்றுப் பாடத்தில் நெப்போலியனைப் படித்தோம் அல்லவா? பல போர்களில் ஜெயித்த அவர், 1812-ல் ரஷ்யாவில் பெரும்படையை இழந்தார். 1815-ல் வாட்டர்லூவில் தோற்று, செயின்ட் ஹெலினா தீவுக் காவலிலேயே 1821-ல் இறந்தார். தோத்தவங்க கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். நம்ம மாவட்டக் கதை வேறு மாதிரி.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டார். மிளகு வியாபாரத்தால் டச்சுக் கம்பெனிக்கும் அவருக்கும் பகை. 1741-ல் டச்சுப் படை குளச்சலில் இறங்கியபோது மன்னர் வடக்கே இருந்தார். முதலில் நமக்குத்தான் பின்னடைவு. குளச்சலிலிருந்து பத்மநாபபுரம் போகிற வழியெல்லாம் டச்சுக்காரர் கையில்! மன்னர் விரைந்து வந்து அவர்களைக் குளச்சலில் முற்றுகையிட்டார். உள்ளே வெடிமருந்து தீப்பிடித்தது, அரிசியும் எரிந்துபோச்சு. ஆகஸ்டில் சரணடைந்தார்கள்.

பிடிபட்ட தளபதி டிலனாயை மன்னர் கொல்லவில்லை. தம் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுக்க வைத்தார். டிலனாய் ‘வலிய கப்பித்தான்’ ஆனார், உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். முன்பு எத்தனை போரிட்டும் அடங்காத காயங்குளம் 1746-ல் வசமானது.

1777-ல் இறந்த டிலனாயின் கல்லறை, புலியூர்குறிச்சியில் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறார்கள். “எதிரிக்கு எதுக்கு மக்ளே இவ்வளவு மரியாதை?” என்று பாட்டி கேட்டாங்க. “நம்மகிட்ட இல்லாதத சொல்லிக் கொடுத்தாரே பாட்டி” என்றேன்.

காலாண்டில் கணக்கில் எனக்கு 31 மார்க். என்னை முந்தினவளோடு பேசாமலே இருந்தேன். கோட்டை பார்த்து வந்த மறுநாள் அவளிடமே போய்க் கணக்கு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்லித் தந்தாள்.

நீங்க யாரிடம் கேட்கப் போறீங்க?

– 9-ஆம் வகுப்பு மாணவி