புதிர் எழுதப் புகுந்த குப்பனூர்த் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நோட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை படித்தேன். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், குப்பனூரில் இருந்துகொண்டு, கணக்கென்றாலே காத தூரம் ஓடுகிற சாதாரண வாசகர்களுக்காகக் கணித வினோதங்களையும் தர்க்கப் புதிர்களையும் தமிழில் எழுதவேண்டும் என்று ஓர் இளைஞன் ஆசைப்படுவது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. அந்தச் சந்தோஷத்தை முன்னிட்டே, புகழ்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, குறையாகப் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே வேலையில் இறங்க எண்ணுகிற வேறு சிலருக்கும் உபயோகப்படலாம் என்பதால் பகிரங்கக் கடிதமாக எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் சொல்லவில்லையாதலால் நீ கூச்சப்பட வேண்டியதில்லை.

உன் கேள்விகள் ஆரோக்கியமாக இருக்கின்றன. விடைகள்தாம் நோஞ்சானாக இருக்கின்றன. பதினேழு பசுக்களை மூத்தவனுக்குப் பாதி, நடுப்பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு, இளையவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளும்படி உயில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிய தகப்பனாரின் பழைய கதையை நீயும் எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பசு ஒன்றைச் சேர்த்துப் பதினெட்டாக்கி, 9, 6, 2 என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய தம் பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்பதோடு உன் விடை முடிந்துவிடுகிறது. படிக்கிறவர் வியக்கிறார், வாஸ்தவந்தான். ஆனால் அது செப்பிடு வித்தைக்காரனைப் பார்க்கிறபோது வருகிற வியப்பு. பாதியையும் மூன்றில் ஒன்றையும் ஒன்பதில் ஒன்றையும் கூட்டினால் முழுமை வருவதில்லை, பதினெட்டில் பதினேழு பங்குதான் வருகிறது. எஞ்சிய ஒரு பங்கைத் தகப்பனார் ஒருவருக்கும் எழுதிவைக்கவில்லை. அந்த அநாதைப் பங்குதான் மூன்று பிள்ளைகளுக்கும் சிறிது சிறிதாகக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது என்று இரண்டு வரி நீ எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால், படிக்கிறவரே பென்சிலை எடுத்து, பதினொரு பசுக்களைப் பாதி, கால், ஆறில் ஒன்று என்று பிரிக்கச் சொல்லித் தாமே ஓர் உயிலை எழுதிப் பார்த்திருப்பார்.

கேள்விகள் பெரும்பாலும் பொதுச் சொத்து. அவை தேசம் விட்டுத் தேசம், பாஷை விட்டுப் பாஷை போய்க்கொண்டே இருக்கின்றன. புதிர் எழுதுகிறவன் உழைக்கவேண்டிய இடம் விடை. விடைக்குக் காரணம் உண்டா, அந்தக் காரணத்தைக் கணிதம் படிக்காதவருக்கும் காட்டமுடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு புதிரை அச்சுக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பரீட்சைக்கு நம்முடைய சொந்த நூல் ஒன்றே போதும். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் அளவைகளும் பங்கீடுகளும் வினாக்களும் நிறைய உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணுவதற்கு அதில் ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும், முள் ஐம்பதானால் சுளை அறுபது. அதே நூலில் வட்டத்தின் பரப்புக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்பது. இரண்டும் ஒரே தோரணையில் சொல்லப்பட்டிருந்தாலும் இரண்டும் ஒரே ஜாதியல்ல. ஒரு தோசையை நடுவிலிருந்து மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியுமாக நெருக்கி அடுக்கினால், ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் உண்டாகிறது. அதன் நீளம் சுற்றளவில் பாதி, அகலம் விட்டத்தில் பாதி. துண்டுகள் மெல்லியதாக ஆக ஆக, ‘ஏறத்தாழ’ என்ற சொல்லும் மெலிந்துகொண்டே போகிறது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கூட இதைக் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்வார். பலாப்பழத்தின் விஷயம் அப்படியல்ல. அது இயற்கையைக் கவனித்துச் சொன்ன வாக்கு. அதை எந்த யுக்தியாலும் நிரூபிக்க முடியாது, அறுத்துத்தான் பார்க்கவேண்டும். உங்கள் மலையில் பலாவுக்குப் பஞ்சமில்லையே! நாலைந்து பழங்களையாவது முள் எண்ணி, அறுத்துச் சுளை எண்ணி, வந்ததை வந்தபடி எழுது. அதைச் செய்யாமல் அந்தச் சூத்திரத்தை ‘முன்னோரின் கணித அற்புதம்’ என்று தலைப்பிட்டு நீ எழுதியிருப்பது முன்னோருக்கும் மரியாதையல்ல, வாசகருக்கும் மரியாதையல்ல.

இந்த இரண்டு வகைக்கும் இடையில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதில்தான் எழுதுகிறவனுடைய சாமர்த்தியம் தெரியும். நாசிக் பக்கத்துத் தேவளாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர், 6174 என்னும் எண்ணின் விசித்திரத்தை 1949-இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் வெளியிட்டார். நான்கு இலக்கமும் ஒன்றேயாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணையும் எடுத்துக்கொண்டு, இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்கவேண்டும்; வந்த விடையை மறுபடியும் அப்படியே செய்யவேண்டும்; ஏழு தடவைக்குள் 6174 வந்து நின்றுவிடும். ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்ட ஆண்டாகிய 1907-ஐயே எடுத்துக்கொள்வோம். 9710-இலிருந்து 0179 போனால் 9531. பிறகு வரிசையாக 8172, 7443, 3996, 6264, 4176, கடைசியில் 6174. ஏழு படிகளும் பூரணமாகத் தேவைப்பட்டுவிட்டன.

இதை நீயும் எழுதியிருக்கிறாய். ‘ஏன் என்பது எண்களின் ரகசியம்’ என்று முடித்திருக்கிறாய். ரகசியம் ஒன்றுமில்லை, தம்பி! இறங்கு வரிசையில் நிற்கும் இலக்கங்களில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்து வருகிற விடை வந்துவிடும். ஆகவே விடையைத் தீர்மானிக்கிறவை அந்த இரண்டு வித்தியாசங்களே. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது அதற்கு மேற்படக்கூடாது. இப்படி அமையக்கூடிய ஜோடிகள் மொத்தம் 54. முன்னால் பூஜ்யம் வைத்தவற்றையும் சேர்த்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எண்களின் கதை ஐம்பத்துநான்கு வரிகளில் அடங்கிவிடுகிறது! அந்த 54-ஐயும் ஒரு மழைநாள் மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிடலாம். எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேருவதை நேரில் காணலாம். ஏன் எல்லாம் ஒரே இடத்துக்கு வரவேண்டும் என்பதற்கு இதைவிட அழகான காரணம் என்னிடமில்லை. ஆனால் காரணத்தில் பாதியைக் கொடுத்து, மீதிப் பாதி வெறும் சரிபார்ப்புத்தான் என்று யோக்கியமாகச் சொல்லிவிட்டால் வாசகர் மனம் கோணமாட்டார். கையை விரித்து ‘ரகசியம்’ என்பதுதான் அவரை வாசலில் நிறுத்திவிடுகிறது.

மேலே சொன்ன கழகத்தின் பத்திரிகையில் வாசகர்களுக்குக் கேள்வி விடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. ராமானுஜன் 1911-இல் அதில் ஒரு கேள்வி கேட்டார்: ஒன்றோடு இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலம், அதற்குள் ஒன்றோடு மூன்று மடங்கு இன்னொரு வர்க்கமூலம் என்று முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகிற ஒரு கோவையின் மதிப்பு என்ன? மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒருவரும் விடை அனுப்பாததால் அவரே விடையை வெளியிட்டார்: வெறும் 3. மூன்று என்பது 9-இன் வர்க்கமூலம்; 9 என்பது ஒன்றோடு இரண்டு நான்கு; அந்த நான்கு 16-இன் வர்க்கமூலம்; 16 என்பது ஒன்றோடு மூன்று ஐந்து; அந்த ஐந்து 25-இன் வர்க்கமூலம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இப்படி முடிவின்றிப் போவது எப்பொழுது நியாயம் என்ற சூக்ஷ்மமான கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. அதற்குப் பிற்காலத்தில் கணித அறிஞர் விஜயராகவன் நிபந்தனை வகுத்துக் கொடுத்தார். அதையெல்லாம் பத்திரிகைப் பத்தியில் நுழைக்க வேண்டாம். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ராமானுஜனைப் பற்றியே இன்னொன்று. 1914-ஆம் வருஷக் கடைசியில், கேம்பிரிட்ஜில், ராமானுஜன் சமையல் செய்துகொண்டிருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் ஸ்டிராண்ட் பத்திரிகையிலிருந்து ஒரு புதிரைப் படித்துச் சொன்னார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். மகலனோபிஸ் முயன்று பார்த்தே விடையைக் கண்டுவிட்டார்: 288 வீடுகளில் 204-ஆவது. ராமானுஜனோ ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் விடை கொடுத்தார். உன் வாசகருக்குத் தொடர் பின்னம் வேண்டாம். எட்டு வீட்டுத் தெருவில் ஆறாவது வீடு இருக்கிறது, இருபுறமும் பதினைந்து. நாற்பத்தொன்பது வீட்டுத் தெருவில் முப்பத்தைந்தாவது இருக்கிறது என்று காட்டு. 8, 49, 288 என்ற வரிசையைப் பார்த்ததும் அடுத்தது என்ன என்று அவரே தேடத் தொடங்குவார்.

உள்ளூர் வாசனை வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய், வேண்டியதுதான். ஆனால் ஊரை எடுத்துக்கொண்டால் ஊரின் உண்மையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளவேண்டும். ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் கார்ல் டுங்கர் சொன்ன பிக்ஷுவின் புதிரை உன் மலைக்குக் கொண்டுவந்திருக்கிறாய்: ஒருவர் காலை ஆறு மணிக்குக் குப்பனூரில் புறப்பட்டு, நின்றும் நடந்தும் சாயங்காலத்துக்குள் ஏற்காடு சேருகிறார், மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கிருந்து இறங்குகிறார், இரண்டு நாளும் ஒரே நேரத்தில் அவர் இருந்த இடம் ஒன்று வழியில் உண்டா? உண்டு, ஏறுகிறவரையும் இறங்குகிறவரையும் இரண்டு ஆட்களாக்கி ஒரே நாளில் நடக்கவிட்டால், இருவரும் எங்கேயாவது எதிர்ப்பட்டுத்தானே ஆகவேண்டும்! இவ்வளவு லாகவமான காரணம் அபூர்வம்; கணக்கே இல்லாத கணக்கு இது. நீயும் அதை அழகாகச் சொல்லிவிட்டாய். ஆனால் ‘அதே பாதையில்’ என்ற இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டாய். வேறு ஊரானால் மன்னிக்கலாம். ஏற்காட்டுக்கோ இரண்டு வழிகள். கொட்டச்சேடு வழியாக ஏறிய மனிதர், சேலத்துப் பக்கமாக இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட பெரிய சாலையில் இறங்கினால், இருவரும் சந்திக்கவேண்டிய அவசியமே இல்லை. வெளியூர் வாசகர் இதைக் கவனிக்கமாட்டார். பஸ்ஸில் தினமும் போய்வருகிற உன் ஊர்க்காரர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

சிக்குக் கோலத்தையும் நீ தொட்டிருக்கிறாய். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணி முதலியவர்கள் 1970-களில் கோலத்தைக் கணித இலக்கணமாக ஆராய்ந்தார்கள். ஆதலால் இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணிவிடாதே. கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு கைகள் பிரிகின்றன, நான்கு இரட்டைப்படை, ஆகவே சேர்ந்தாற்போல் இருக்கிற எந்தச் சிக்குக் கோலத்தையும் கையெடுக்காமல் போட்டு முடிக்கலாம் என்று ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பெர்க் பாலங்களைப் பற்றி யோசித்ததிலிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் கோலம் போடுகிறவர்கள் வெட்டுமிடத்தில் திரும்புவதில்லை, நேராகத்தான் போகிறார்கள். அந்த நியமத்தோடு பார்த்தால் சில கோலங்கள் ஒரே இழை, சில இரண்டு மூன்று இழை. எது எத்தனை இழை என்பது ஆய்லரின் கேள்வியைவிடக் கடினமானது. உன் வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுது, புஸ்தகத்தில் தேடாதே.

மற்றவை சில்லறை விஷயங்கள்: பெயர்களைக் குறை, நிபந்தனைகளை முன்னால் வை, விடையை மறு இதழுக்குத் தள்ளு.

நோட்டுப் புத்தகத்தைத் தனியே திருப்பி அனுப்புகிறேன். அடுத்த கடிதத்தோடு எனக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். கப்ரேக்கரின் கழித்தலை மூன்றிலக்க எண்களில் செய்தால் 495-இல் போய் நிற்கிறது. இரண்டிலக்கத்தில் எங்கேயும் நிற்பதில்லை. 81, 63, 27, 45, 09 என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் நிற்பதில்லை, ஏன் ஒன்பதின் மடங்குகளாகவே வருகிறது என்பதை, பின்னம்கூட மறந்துபோன ஒருவருக்குப் புரியும்படி எழுது. விடையை மட்டும் எழுதி அனுப்பினால் தபால் செலவு உன்னுடையது.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒரு பழைய புதிர்க்காரன்