சைக்கிள் பயணப் பையை நீங்களே தைக்கலாம்

முதன்முதலாகத் தைக்க, சைக்கிளின் முக்கோணச் சட்டத்துக்குள் மாட்டும் பைதான் நல்லது. துணியை வெட்டுமுன் அட்டையில் அளவெடுங்கள். அந்த அட்டையைச் சட்டத்துக்குள் வைத்து, பிரேக் கேபிள் எங்கே இடிக்கிறது என்று பார்த்து ஓரத்தைக் குறையுங்கள். பை 6 செ.மீ. அகலம் தாண்டினால் மிதிக்கும்போது முழங்கால் உரசக்கூடும்.

கார்டுரா என்ற உறுதியான நைலான் துணியில், பூச்சுள்ள 500 டெனியர் ரகம் போதும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பாலியஸ்டர் நூலே வேண்டும். ஊசி 16ஆம் எண், தையல் நீளம் 3 மி.மீ. தைக்கும் இடம் தவிர வேறெங்கும் குண்டூசி குத்தாதீர்கள். பூச்சுள்ள துணியில் அந்த ஓட்டை மூடாது, மழைத்தண்ணீர் இறங்கும். துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளலாம். பையைச் சட்டத்தில் கட்டும் வார் சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறியாக ஓட்டுங்கள். பாரம் முழுக்க அங்கேதான் இழுக்கும். ஜிப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பெரும்பாலும் முதலில் பழுதாவது அதுதான்.