மருந்துப் பையோடு வாசல் ஏறப் போகும் பிள்ளைகளுக்கு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உள்ள மாத்திரைகள் நம் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கத்து வீடுகளுக்கும் பையில் வரும் காலம் இது. அந்தப் பையைப் புதிதாகத் தோளில் மாட்டும் பெண்களுக்காக எழுதுகிறேன். அரசு மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். மாத்திரையின் பெயரையும் அளவையும் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வயிற்றுக்குள் அது எதோடு சேர்ந்தால் கெடுதல், எதோடு சேர்ந்தால் வீண் என்பதை நான் சொல்கிறேன்.

1. “வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?” என்று கேட்காதே, தாயி. “இல்லை” என்றுதான் பதில் வரும். லேகியத்தையும் சத்துப் பவுடரையும் மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. “காலையில எந்திரிச்சதும் வாயில முதல்ல என்ன போகுது, அப்பத்தா? ராத்திரி படுக்கும்போது?” என்று கேள். இருப்பதையெல்லாம் எடுத்துவரச் சொல். சூரண டப்பா வரும், துபாயிலிருந்து மகன் கொடுத்துவிட்ட வைட்டமின் பாட்டில் வரும், மெடிக்கலில் அண்ணாச்சியிடம் சொல்லி வாங்கிய வலி மாத்திரை வரும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். காய்ச்சலுக்கு வாங்கிய அட்டையில் இருப்பது பாராசிட்டமால். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது உண்டு. இரண்டையும் நாள்கணக்கில் சேர்த்துத் தின்றால் ஈரல் தாங்காது.

2. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சற்று உட்கார்ந்து பேசு. அவர்களுக்குக் கொடுக்கும் சிவப்புச் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாரம் ஒன்று விழுங்கும் நீல மாத்திரையிலும் அதே அளவுதான். இந்த இரும்பு உடம்பில் ஒட்டுவதைத் தேநீரும் காபியும் கெடுக்கும், பாலும் கெடுக்கும். மாத்திரையை விழுங்கிவிட்டு வாய்க் கசப்புக்கு ஒரு கரண்டி பால்கோவா தின்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அதைக் கொஞ்ச நேரம் கழித்து வைத்துக்கொள்ளச் சொல். அதே பெண்ணுக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே மடக்கில் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. காலையும் இரவும் சாப்பாட்டோடு கால்சியம் என்றால், மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து இரும்பு. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. சொல்லாமல் விட்ட வீடுகளில் பயந்துபோய் மாத்திரையைக் கூரையில் செருகிவிடுகிறார்கள்; பிரசவத்தன்று ரத்தம் பத்தாமல் மதுரைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

3. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபி அரை மணி நேரமாவது கழித்து. இரும்பு, கால்சியம் நான்கு மணி நேரம் கழித்து. இதைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்.

4. வைட்டமின் டி பவுடரோ கேப்சூலோ ஒன்றில் 60,000 யூனிட் இருக்கும். வழக்கமாக வாரம் ஒன்று என்றுதான் டாக்டர் எழுதுவார். மூட்டுவலி போனால் போதும் என்று அதைத் தினம் குடித்தவர்கள் இருக்கிறார்கள். அதிகமானதை உடம்பு சிறுநீரில் வெளியே தள்ளாது, கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், புத்தி தடுமாற்றம் என்று வந்து கடைசியில் சிறுநீரகத்தில் கை வைக்கும். வீட்டில் அட்டையைக் கண்டால் எத்தனை நாளைக்கு ஒன்று என்பதை உன் காதால் கேட்டுக்கொள்.

5. சதுரகிரி நமக்குப் பக்கம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாக மலை ஏறுகிறவர்கள் வீட்டில் ஏதாவது ஒரு மூலிகைப் பொடி இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதே. சுளித்தால் அடுத்த மாதம் உன்னிடம் மறைப்பார்கள், மறைத்த மருந்துதான் ஆளைக் கொல்லும். சித்த மருத்துவம் படித்த டாக்டர் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார். எதைக் குடித்தாலும் அவரிடம் ஆங்கில மாத்திரையையும், ஆங்கில டாக்டரிடம் இந்தப் பொடியையும் சொல்ல வேண்டும், அவ்வளவே.

சீந்தில் கொடியை எடுத்துக்கொள். கொரோனா காலத்தில் அதைக் குடித்துவந்து ஈரல் வீங்கிய நோயாளிகளைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. செடி எதுவென்று சரியாகச் சோதிக்கவில்லை, அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கொடியாக இருக்கலாம் என்றது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. பொடியாக அரைத்துவிட்டால் எந்தக் கொடி என்று நீயும் நானும் சொல்ல முடியாது என்பதே எனக்குப் போதும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ பொடியை அன்றே நிறுத்தி, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

அதிமதுரமும் அப்படித்தான். தொண்டைக் கட்டுக்கு ஒரு நாள் இரண்டு நாள் சப்பினால் குற்றமில்லை. வாரக்கணக்கில் தின்றால் ரத்தக் கொதிப்பு ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இரட்டை இழப்பு. நெஞ்சுத் துடிப்பே தப்பும்.

6. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இவற்றையும் தம்ளர் தம்ளராகக் குடித்துவிட்டு, சாப்பிடாமல் தறியில் உட்கார்ந்தால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவார். அப்போது உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவு இருந்தால் மட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடு.

7. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுவார்கள். அந்த மருந்து வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்வது. முருங்கைக்கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். உடனே “கீரையே தொடாதீங்க” என்று சொல்லிவிடாதே. வாரம் எவ்வளவு கீரை தின்று பழகினாரோ அதே அளவு தின்னட்டும். ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஆபத்து. உறையும் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தவற விடவே கூடாது. இவர்களுக்கு டாக்டர் எழுதாத ஆஸ்பிரினோ டைக்ளோஃபினாக்கோ யார் கொடுத்தாலும் தடுத்துவிட்டு டாக்டரைக் கேள்.

8. டைக்ளோஃபினாக் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. களை எடுத்த இடுப்புக்கும் தறி மிதித்த முழங்காலுக்கும் அதுதான் கைகண்ட மருந்து என்று நம் ஊர் நம்புகிறது. அது ரத்தக் கொதிப்பை ஏற்றும், நீ கொடுக்கும் மாத்திரையின் பலனைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் அரிக்கும். கொதிப்பு ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த வீட்டில் முதலில் தேட வேண்டியது இந்த அட்டையை.

9. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் எனலாபிரிலும் டெல்மிசார்டனும் பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. அவற்றைச் சாப்பிடும், சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினம் வெட்டிக் கொடுப்பது அன்பில் செய்யும் தீங்கு. “சோடியம் குறைந்தது” என்று விற்கும் உப்பிலும் பொட்டாசியமே இருக்கும்.

10. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் எரிச்சலும் மதமதப்பும் சர்க்கரையால் மட்டும் வருவதாக நினைத்துவிடாமல் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதிக்கட்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை தின்னும் பிள்ளைகள் ரத்தம் கொடுக்கும் முன் லேபில் அதைச் சொல்ல வேண்டும். தைராய்டு கணக்கும் மாரடைப்புக்கான சோதனையும் அதனால் தப்பாக வரலாம் என்று 2017-ல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது.

11. டாக்டர் எழுதிய மாத்திரையை நீயாக நிறுத்தச் சொல்லாதே. சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போடு. நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உன் பையிலிருந்து போகாத சரக்கை, பொடி, பவுடர், டானிக், எண்ணெய் எல்லாவற்றையும், எப்போது முதல் என்பதோடு எழுது. மருந்தால் கெடுதல் வந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம், நீயும்கூட. நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக்கொள், தாயி.