சேலையின் நிறமும் காமிராவின் கண்ணும்

படத்தில் அரக்கு நிறமென்று கண்டு வாங்கியவர், கைக்கு வந்தது வேறு நிறமெனத் திருப்பியனுப்பினால் நட்டம் நெசவாளிக்கே. ஆதலின் டிஜிட்டல் காமிராவில் மூன்று அமைப்புகளை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது ஒளியளவு. காமிரா எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கருதியே அளக்கிறது. ஆகவே வெள்ளை வேட்டி படம் முழுதும் நிறைந்தால் சாம்பல் பூத்துத் தோன்றும். ஒளித்திருத்தத்தை +1 என வைத்தால் இருமடங்கு ஒளி பதிந்து வெண்மை மீளும். கறுப்புச் சேலைக்கு -1 வைத்தல் வேண்டும்.

இரண்டாவது நிறச்சமன். பகலொளி ஏறத்தாழ 5500 கெல்வின். இழைவிளக்கின் ஒளி ஏறத்தாழ 2800. பகலுக்குரிய அமைப்பை வைத்து விளக்கொளியில் எடுத்தால் துணியில் மஞ்சள் படரும். ஒளிக்குத் தக்க அமைப்பைத் தேர்தல் வேண்டும். வெள்ளைத் தாளொன்றைக் காட்டி அளந்து வைத்தல் இன்னும் நலம். இருவகை ஒளியையும் கலத்தலாகாது.

மூன்றாவது பிளாஷ். நேரே பாயும் அவ்வொளி சரிகையில் தெறித்து வெண்திட்டாகும். நெசவின் மேடுபள்ளமும் நிழலின்றி மறையும். அதனை நிறுத்திவிட்டுச் சாளரத்தருகே பக்கவாட்டு ஒளியில் எடுப்போம். ஒளி குறைவாயின் காமிராவை முக்காலியில் பொருத்துவோம்.

எடுத்த படத்தைச் சேலையோடு ஒப்பிட்ட பின்பே அனுப்புவோம். தறியில் காட்டும் நேர்மையைப் படத்திலும் காட்டுவோமாக.