உலக அரங்கில் ஒரு சிறுமியின் குரல்

நாட்டுத் தலைவர்கள் கூடும் மாநாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும்.

1992ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு நடைபெற்றது. கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து செவர்ன் சுசுக்கி என்னும் 12 வயதுச் சிறுமி தன் தோழியருடன் அங்குச் சென்றாள். பயணச் செலவுக்கான பணத்தை அவர்களே திரட்டினர்.

அவள் ஏட்டில் படித்ததை ஒப்புவிக்கவில்லை. தந்தையுடன் மீன் பிடித்து மகிழ்ந்த தான், புற்றுக்கட்டிகள் நிறைந்த மீன்களைக் கண்டபின் அதனைக் கைவிட்டதை எடுத்துரைத்தாள். சீர்செய்ய இயலாதவற்றைச் சிதைக்காதிருக்குமாறு பெரியவர்களை வேண்டினாள். அவையோர் அமைதியாகக் கேட்டனர்.

பெற்றோர்களே! அவளுக்குத் துணைநின்றது கண்ணால் கண்ட உண்மையே. அது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் எட்டாததன்று. 2006ஆம் ஆண்டு, சிறுவர்களுக்கான அனைத்துலகச் சுற்றுச்சூழல் மாநாடு நமது புத்ராஜெயாவிலேயே நடைபெற்றது.

ரப்பர் ஆலைக் கழிவு நீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையிற் கலந்தால், நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். இதனைக் கட்டுப்படுத்த 1978ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் விதிகள் இயற்றப்பட்டன. ஆகவே, ஓடை நீரின் நிறத்தையும் நாற்றத்தையும், அதில் மீன்கள் உள்ளனவா என்பதையும் பிள்ளைகள் வாரந்தோறும் குறித்து வரட்டும்.

மாநாட்டிற்கு அழைப்பு வருமாயின், அக்குறிப்பேடே அவர்களின் உரையாகும். வாராவிடினும், நம் ஓடைக்குக் காவலர் கிடைத்திருப்பர்.