தெளிவு வேறு, உறுதி வேறு: கையெழுத்துக்கு முன் ஓர் ஆங்கிலப் பாடம்



காடாம்புலியூரிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகள், ஆங்கிலத்தில் வரும் தாள்களில் சம்பளத் தொகையை மட்டும் கவனமாகப் பார்க்கிறார்கள். அந்தத் தொகைக்கு முன்னால் நிற்கும் சின்னஞ்சிறு பெயரடையை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சம்பளத்தை நம்பி நகையை அடகு வைக்கலாமா, முந்திரித் தோப்பை ஈடு கொடுக்கலாமா என்பதற்கான பதில் அந்தப் பெயரடையில்தான் இருக்கிறது. எனவே இம்மாதப் பாடமாகத் தெளிவையும் உறுதியையும் காட்டும் ஆங்கிலப் பெயரடைகளை எடுத்துக்கொள்கிறோம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது கடினமன்று. ‘முபீன்’ என்றால் தெளிவானது. ‘யகீன்’ என்றால் சந்தேகமற்ற உறுதி. ஒரு செய்தி தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தாலும் உறுதியற்றதாக இருக்கலாம். ஆங்கிலத்திலும் இவை இரண்டு தனி வகைகள்.

1. தெளிவைக் காட்டும் சொற்கள்

கிளியர்: பொதுவான சொல். பார்வை, பேச்சு, பொருள் எல்லாவற்றுக்கும் வரும்.

ஆப்வியஸ்: யாரும் விளக்காமலே கண்ணுக்குத் தெரிவது.

எவிடென்ட்: சான்றுகளைப் பார்த்ததும் விளங்குவது.

எக்ஸ்பிளிசிட்: மறைவில்லாமல் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ‘தங்க இடம் தருவார்கள்’ என்று ஊகித்துக்கொள்வது எக்ஸ்பிளிசிட் ஆகாது. தாளில் அந்த வரி இருக்க வேண்டும்.

அப்பேரன்ட்: இதில் கவனம் தேவை. ‘தெளிவாகத் தெரிகிற’ என்றும் பொருள், ‘அப்படித் தோன்றுகிற’ என்றும் பொருள். இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

2. உறுதியைக் காட்டும் சொற்கள்

ஷ்யூர்: பெரும்பாலும் மனிதரின் மன உறுதியைச் சொல்வது. ‘ஐ ஆம் ஷ்யூர்’ என்பது சரி. ஆனால் ‘இட் இஸ் ஷ்யூர் தட்’ என்று தொடங்குவது பிழை. அங்கே ‘இட் இஸ் சர்ட்டன் தட்’ என்றே எழுத வேண்டும்.

டெஃபினிட்: எல்லை வகுக்கப்பட்டது. ‘டெஃபினிட் டேட்’ என்றால் இன்ன நாள் என்று குறிக்கப்பட்ட தேதி.

கன்ஃபர்ம்ட்: உறுதி செய்யப்பட்டது. ரயில் டிக்கெட்டால் எல்லோருக்கும் தெரிந்த சொல். கன்ஃபர்ம்ட் என்றால் படுக்கை நமக்கு. ஆர்.ஏ.சி. என்றால் உட்கார இடம் உண்டு, படுக்கை கிடைத்தால் உண்டு. ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் தயாரான பிறகும் அப்படியே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். மூன்றிலும் ஊர், தேதி, வண்டி எண் தெளிவாகவே அச்சாகியிருக்கும். உறுதி மட்டும் வேறு வேறு.

பாசிட்டிவ்: பேச்சில் ‘ஐ ஆம் பாசிட்டிவ்’ என்றால் ‘எனக்குச் சந்தேகமே இல்லை’ என்று பொருள். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பாசிட்டிவ் என்றால், தேடிய கிருமியோ குறியோ தென்பட்டது என்று பொருள். நல்ல செய்தி என்று எண்ணி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

3. உறுதி போலத் தோன்றி ஏமாற்றும் சொற்கள்

முதலாவது ‘சர்ட்டன்’ என்ற சொல்லே! அது வாக்கியத்தின் பிற்பகுதியில் ‘இஸ்’ என்பதை ஒட்டி வந்தால் உறுதி. ‘ஹிஸ் ஜாப் இஸ் சர்ட்டன்’ என்றால் வேலை நிச்சயம். அதே சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பொருள் மாறிவிடும். ‘எ சர்ட்டன் அமவுண்ட்’ என்றால் ஏதோ ஒரு தொகை. எவ்வளவு என்று சொல்லவில்லை! தமிழிலும் ‘ஒரு குறிப்பிட்ட தொகை பிடித்தம் செய்யப்படும்’ என்கிறோம். குறிப்பிட்ட என்கிறோமே தவிர, எதையும் குறிப்பிடுவதில்லை. ‘ஆஃப்டர் எ சர்ட்டன் பீரியட்’ சம்பளம் உயரும் என்று தாளில் இருந்தால், எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணை நிர்ணயிக்கப்பட்டதாக இருப்பதையே பேசுகிறது. ‘ஏதோ ஒரு காலம்’ அதில் அடங்காது.

ப்ரொவிஷனல்: இப்போதைக்குச் செல்லும், நிரந்தரமானது பிறகு வரும். கல்லூரியில் தரும் ப்ரொவிஷனல் சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் அது பட்டச் சான்றிதழ் அன்று.

டென்டேட்டிவ்: உத்தேசமானது, மாறக்கூடியது.

கண்டிஷனல்: நிபந்தனைக்கு உட்பட்டது. ‘கண்டிஷனல் ஆஃபர்’ என்றால் மருத்துவப் பரிசோதனை போன்ற நிபந்தனை நிறைவேறினால்தான் வேலை. ‘சப்ஜெக்ட் டு’ என்று வரும் தொடருக்கும் இதே பொருள்தான். இந்தச் சொற்கள் உள்ள தாளை நம்பி வட்டிக்கும் அடகுக்கும் போவது அவசரம்.

4. சொல்லோடு செயலும்

தாள் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தருபவரும் உறுதியானவராக இருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதல், வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தர வேண்டும் என்பது விதி. அம்மொழிகளில் தமிழும் ஒன்று. தயங்காமல் தமிழில் கேளுங்கள்.

5. பயிற்சி

வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து, கீழ்க்கண்டவை உறுதியா இல்லையா என்று பாருங்கள்:

(அ) த சேலரி இஸ் டெஃபினிட்.
(ஆ) சர்ட்டன் டிடக்‌ஷன்ஸ் வில் அப்ளை.
(இ) த டென்டேட்டிவ் ஜாயினிங் டேட் இஸ் கிளியர்.

விடை: (அ) உறுதி. ஆயினும் தொகை எண்ணால் எழுதப்பட்டிருக்க வேண்டும். (ஆ) பிடித்தம் உண்டு என்பது உறுதி, எவ்வளவு என்பது தெளிவில்லை. (இ) தேதி தெளிவு, ஆனால் மாறலாம்.

கையெழுத்திட்ட பிறகு பொருள் கேட்டு வருவதைவிட, அதற்கு முன்னால் தாளைக் கொண்டு வாருங்கள். கட்டணம் எதுவுமின்றி வரிக்கு வரி படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.