பாவாடையில் விளக்கு, கடையில் பட்டன் செல்

பள்ளி ஆண்டு விழா வந்தால் மரக்காணத்தில் மளிகைக் கடைக்கே பிள்ளைகள் வந்து '2032' பட்டன் செல் கேட்கிறார்கள். பாவாடை ஓரத்தில் விளக்கு தைக்கிறார்களாம்! அமெரிக்காவின் லியா பியூக்லி வடிவமைத்து 2007-இல் விற்பனைக்கு வந்த, துணியில் தைக்கும் 'லில்லிபேட்' மின்பலகைக்குப் பின் பரவிய கலை இது. ஒற்றை விளக்குக்குப் பலகை வேண்டாம். 3 வோல்ட் செல், ஒரு எல்.இ.டி., மின்சாரம் பாயும் எஃகு நூல் போதும். விளக்கின் நீண்ட கால் செல்லின் பிளஸ் பக்கம். இரு நூலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வெள்ளி முலாம் நூல் நம் உப்புக்காற்றில் கறுத்துப்போகும், வாங்கி அடுக்காதீர்கள்.

செல்லை உதிரியாக விற்கவே வேண்டாம். நானும் டப்பாவில் கொட்டி வைத்தவன்தான். குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். தீர்ந்துபோன செல்லும் அப்படியே. வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லுங்கள். செல் வைக்கும் துணிப்பையின் வாயைத் தைத்து மூடச் சொல்லி, அட்டையோடு கொடுங்கள்.